முதலில் இருமியவர்

மலேசியாவின் கிள்ளானில் அந்த உணவகத்தின் தொழிலாளர்கள் தங்கும் மாடி விடுதியில் எவரும் இருமலைப் பற்றிப் பேசுவதில்லை. யார் இருமினாலும் பழி மிளகாய்ச் சம்பலின் காரத்துக்கே. காசநோய் என்று எழுதப்பட்டால் வெளிநாட்டுத் தொழிலாளியின் வேலை பெர்மிட் போய்விடும்.

அங்கே புதிதாக வேலைக்கு வந்த அழகிரிக்குச் சளியில் இரத்தம் வந்துவிட்டது. அதை மறைக்க இயலவில்லை.

உணவகத்தின் உள்ளூர்ச் சமையற்காரர் புஷ்பவல்லி, தொற்றுநோய் ஆய்வாளர் சீதாலெட்சுமியிடம் வந்து நின்றார். "அழகிரி வந்து மூணு மாசந்தான், டாக்டர். ஊர்லேர்ந்து நோயைக் கொண்டாந்தான்னு முதலாளி சொல்றாரு. ஆஸ்பத்திரி விட்டதும் திருப்பி அனுப்பிடுவாராம். தடுங்க."

அழகிரியின் சளியில் கிடைத்த கிருமியின் மரபணுத் தொடரை முழுமையாகப் படித்து முடிக்க ஆறு வாரங்களாயின. உதவியாளர் லோகன் முடிவுடன் ஓடிவந்தான்.

"அஞ்சு வருஷத்துக்கு முந்தி இங்கேயே ஒரு நோயாளிகிட்ட எடுத்த கிருமியோட ஒத்துப்போகுது, டாக்டர்! மொத்தம் நாற்பது லட்சம் எழுத்துக்கு மேல இருக்கு. ரெண்டே எழுத்துதான் வேற."

"அந்த நோயாளி?"

"கிள்ளான் லோரி டிரைவர். செத்துட்டார்."

"அப்போ அழகிரி தமிழ்நாட்டுல இருந்தார். நடுவுல யாரோ ஒருத்தர் அதைச் சுமந்திருக்காங்க."

விடுதியில் அனைவரும் கூடினர். பெட்டியைக் கட்டிவிட்ட அழகிரி சுவரோரம் நின்றான்.

"எல்லாருக்கும் டெஸ்ட் எடுத்தாச்சு, டாக்டர். வேற யாருக்கும் நோய் இல்ல," என்றார் முதலாளி ராஜன்.

"எல்லாரும்னா?"

"பெர்மிட் ஆளுங்க ஆறு பேர். லோக்கல் ஆளுக்கு எதுக்கு லா?"

லோகன் அலமாரியைப் பார்த்தான். "தட்டு ஏழு இருக்கே, பாஸ்."

"புஷ்பவல்லி அக்காவும் எங்களோடதான் சாப்பிடும்," என்று சிரித்தான் விடுதியில் தங்கியிருந்த சதீஷ்குமார். "சம்பல் வதக்குனா முதல்ல இருமுறதும் அக்காதான்."

சிரிப்பு பாதியில் நின்றது. லோகன் வாய் திறக்குமுன் சீதாலெட்சுமி கையமர்த்தினார்.

"கிருமி இங்கேயே இருந்தது. சோதிக்காத ஒருத்தர்கிட்டேர்ந்துதான் அழகிரிக்கு வந்திருக்கு. அவங்க பேரைச் சொல்ல எனக்கு உரிமை இல்ல."

"யாரா இருந்தா என்ன, டாக்டர்? நோய் இவன்கிட்டதானே? பெர்மிட் கேன்சல் ஆயிருச்சு. நாளைக்கு ஃபிளைட்," என்றார் ராஜன்.

நோய் வந்த வழியைச் சீதாலெட்சுமியால் காட்ட முடிந்தது. அழகிரி போகும் வழியை அடைக்க முடியவில்லை.

புஷ்பவல்லி அடுப்பை அணைத்துவிட்டு நடுக்கூடத்துக்கு வந்தார்.

"அந்த லோரி டிரைவர் என் வீட்டுக்காரர். என் வேலை போயிடும்னு நான் வாயைத் திறக்கல. சம்பலும் இல்ல, காரமும் இல்ல. அஞ்சு மாசமா இருமுறேன், அழகிரி. உனக்குக் கொடுத்தது நான்தான்."