குழாயடியும் சுழல்பீடமும்

வியாழனின் துணைக்கோளான யூரோப்பாவில், குண்டுவீச்சு விமானங்கள் கிளம்புமுன் எண்ணெய் பார்ப்பார்கள், தோட்டா பார்ப்பார்கள், கடைசியாக வெறுப்பைப் பார்ப்பார்கள். நாம் டயரில் காற்றுப் பார்ப்பதுபோலத்தான். அங்கே யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

விசையை இழுக்கும் விரலைவிட வெறுப்பு வேகமானது என்று கண்டுபிடித்த பிறகு வந்த ஏற்பாடு இது. சுடுபவனின் காதுக்குப் பின்னால் பகையுணரி என்றொரு சில்லு. அவன் யாரை வெறுக்கிறானோ, அவர் இருக்கும் பக்கம் விமான முதுகிலுள்ள சுழல்பீடம் துப்பாக்கியோடு தானே திரும்பிவிடும். பழுது பார்ப்பவர்களுக்கும் அதே சில்லு உண்டு.

பழுது பார்க்கும் அஞ்சுகம் சுழல்பீடத்தின் பற்சக்கரங்களுக்கு எண்ணெய் விட்டு, கண்ணாடிக் கூண்டைத் துடைத்தாள். உள்ளே பக்கத்து வீட்டுச் சவரிராயன் உட்கார்ந்திருந்தான்.

“எதிரிய நெனைங்கண்ணே.”

எதிரிகள் வாழும் பக்கத்துத் துணைக்கோளான கானிமீடை நோக்கிக் குழல் எழும்ப வேண்டும். எழும்பவில்லை. மெல்லத் தாழ்ந்து, அடுத்த விமானத்தின் மேல் நிலைகுத்தி நின்றது. அதில் இருந்தவன் அவள் கணவன் நம்பி.

“அண்ணே, அது எங்க வீட்டுக்காரரு!”

“நான் என்னம்மா பண்றது? எதிரிய நான் கண்ணால பாத்ததுகூட இல்ல. நம்பி தெனமும் எங்க குடத்தத் தள்ளிவிட்டுட்டுல்ல தண்ணி புடிக்கிறான்?”

பூமியிலிருந்து எதை எடுத்துப்போனார்களோ இல்லையோ, குழாயடிச் சண்டையை எடுத்துப்போயிருந்தார்கள். இரண்டு வீட்டுக்கும் ஒரே பனிநீர்க் குழாய்.

அஞ்சுகம் அன்றே சவரிராயன் வீட்டுக்குத் தனிக்குழாய் இழுத்துக் கொடுத்தாள். ஆண்கள் இருவரும் சிரித்துப் பேசிக்கொண்டார்கள். புருஷன் பிழைத்தான் என்று அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

மறுநாள் சவரிராயனின் சுழல்பீடம் அசையவே இல்லை. நம்பியுடையதும் அப்படித்தான்.

தளபதி ஆளவந்தார் வந்து பார்த்தார். அவர் கோபப்படவில்லை என்பதுதான் அவளைப் பயமுறுத்தியது.

“வெறுப்ப ஏம்மா சரிபண்ணுனீங்க? திசைய மாத்துனாப் போதுமே. யார வேணா வெறுக்கட்டும், குழல் கானிமீடப் பாக்கட்டும். அந்தப் புதுக் குழாயக் கழட்டிடுங்க.”

மறுத்தால், நகராத துப்பாக்கியோடு நம்பி போருக்குப் போவான். அவள் திசையை மாற்றினாள், குழாயையும் கழற்றினாள்.

அன்று போன விமானங்கள் எல்லாமே திரும்பி வந்தன. கானிமீடின் ஒரு பாதி எரிந்துகொண்டிருந்தது. மகிழ்ந்துபோன தளபதி, இனி நான்கு வீட்டுக்கு ஒரே குழாய் என்று உத்தரவிட்டார். பராமரிப்புப் பணி என்று அதற்குப் பெயர்.

சில நாள் கழித்து அஞ்சுகம் தண்ணீருக்கு நின்றாள். சவரிராயன் மனைவி லூர்து, அவள் குடத்தைக் காலால் நகர்த்திவிட்டுத் தன் குடத்தை வைத்தாள். அஞ்சுகத்தின் காதுக்குப் பின்னால் சுருக்கென்றது.

கொட்டகைப் பக்கம் இரும்பு முனகியது. அவள் எண்ணெய் விட்ட பற்சக்கரங்கள்தான். ஆளில்லாத சுழல்பீடம் ஒன்று லூர்துவின் பக்கம் திரும்பாமல், நிதானமாக வானிலிருந்த கானிமீடை நோக்கி நிமிர்ந்தது.

அங்கே, எரியாமல் மிச்சமிருந்த பாதியில், அஞ்சுகத்தின் பெயரைக்கூடக் கேட்டிராத ஒருத்தி குடத்தோடு வரிசையில் நின்றிருக்கலாம்.