தேவையான அசைவுகள்

“மாடிப்படி ஏறுறியா, இல்லையா? கடைக்கு—”

“ஏறுறேன். நான் அதைச் சொல்லலை—”

“—நடந்து போறியா, இல்லையா? வலி இருக்கா? பிறகென்ன குறை உனக்கு?”

“மண்டி போட முடியலைங்க.”

சவரிமுத்து அக்கம்பக்கம் பார்த்தார். மூட்டு மருத்துவமனையின் காத்திருப்பு அறை. இன்று அவருடைய முறை. மனைவி லூர்தம்மாளின் இரண்டு முழங்கால்களும் மூன்று மாதம் முன்பு இதே இடத்தில்தான் சரியாயின.

இப்போதெல்லாம் கத்தி கிடையாது. மிளகளவு ஒரு துளை. அதன் வழியே மூட்டுச்சிற்பி என்ற நுண்கருவி உள்ளே போகும். தேய்ந்த குருத்தெலும்பை எடுத்துவிட்டுப் புதியதை வளர்க்கும். ஆனால் என்னென்ன அசைவுகள் வேண்டும் என்று முதலில் கேட்டுக்கொள்ளும். சொன்ன அசைவுகளுக்கே மூட்டு வளரும், சொல்லாதவற்றைப் பூட்டிவிடும். அதனால்தான் நாற்பது வருடம் உழைக்கிறது. ஒரு மூட்டுக்கு ஒரே தடவைதான். ‘ஒரு வாரம் யோசித்து, உங்கள் வாயாலேயே சொல்லுங்கள்’ என்று சுவரில் எழுதிப் போட்டிருந்தார்கள்.

அன்றைக்கு லூர்தம்மாள் வாயைத் திறக்குமுன் சவரிமுத்து சொல்லி முடித்திருந்தார். “இவளுக்கு என்னங்க, சமையல், கடை, மாடிப்படி. எழுதிக்குங்க.” கணவர் பக்கத்தில் இருக்கும்போது எந்த டாக்டரிடமும் லூர்தம்மாள் தானாகப் பேசியதில்லை.

“கோயில்லகூட எல்லாரும் நாற்காலியிலதான் உட்கார்றாங்க. நீ எங்கே போய் மண்டி போடப் போறே?”

“வியாழக்கிழமை போறேன்ல.”

“அது சந்தைக்கு.”

“சந்தை அரை மணி நேரம். மிச்ச நேரம் ஜெசிந்தாகிட்டே.”

அந்தப் பெயரை இருவரும் பேசி முப்பத்தொரு வருடம். ஏழு வயதில் காய்ச்சலில் போன மகள். அடக்கம் முடிந்து திரும்பிய சவரிமுத்து, அதன்பின் கல்லறைத் தோட்டத்துப் பக்கம் போனதே இல்லை.

“கல்லு தரையோட தரையாத்தானே கிடக்கு,” என்றாள். “பழைய பிரஷ்ஷால எழுத்துக்குள்ள இருக்கிற மண்ணை எடுப்பேன். இப்ப குனிஞ்சா கை எட்டலை. போன வாரம் குடைக்கம்பியால கிளறிப் பார்த்தேன். முதல் எழுத்து மட்டும்தான் தெரியுது.”

“ஏன் என்கிட்டே சொல்லலை?”

“எப்படிச் சொல்றது? அன்னைக்கு நீங்க அழுததைப் பார்த்தவதானே நான்.”

அவர் பெயரைச் சொல்லி அழைத்தார்கள். அவளுடைய தோளைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய் மேசைமேல் படுத்தார். மூட்டுச்சிற்பி பெண்குரலில் கேட்டது.

“உங்களுக்கு எந்த அசைவுகள் வேண்டும், ஐயா?”

மறுபடி கேட்டது. அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். மூட்டுச்சிற்பி, “துணைக்கு வந்தவர் சொல்லலாம்,” என்றது.

லூர்தம்மாள் அவர் காலருகே வந்து நின்றாள்.

“எழுதிக்கம்மா. இவர் மண்டி போடணும். வியாழக்கிழமைதோறும் ஒரு மணி நேரம், மண்தரையில. மாடிப்படி இல்லாட்டியும் பரவாயில்லை.”

“பதிந்தேன். பழகிய அசைவைத் தசையிலிருந்து படித்துத்தான் புதிய மூட்டைச் செய்வேன்,” என்றது குரல். “அந்த மண்தரையில் இதுவரை எத்தனை தடவை மண்டியிட்டிருக்கிறீர்கள், ஐயா?”