ஒற்றனான இளவரசன்

வாத்தியார் பாக்கியசீலனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போன மறுநாள் காலை, அவர் மனைவி லில்லி ஆவுடைநாயகம் பிள்ளையின் வீட்டுக்கு வந்தாள். பிள்ளை ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர். அவரோடு எப்போதும் ஒட்டிக்கொண்டிருக்கும் இஸ்ரவேல், ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர்; துப்புத் துலக்குவதென்றால் அவருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம்.

“ராஜத்துரோகம்னு சொல்லுதாங்க ஐயா,” என்றாள் லில்லி. “பள்ளிக்கூடத்து நாடகம்தான். ஏழு கடல் தாண்டி, ஒரு கிளிக்குள்ள உசிரை ஒளிச்சு வச்சிருக்கிற ராட்சசன் கதை இருக்குல்லா, அதை ஒற்றன் கதையா மாத்தினாக. ராட்சசன் கோட்டைத் தளபதி ஆயிட்டான். இளவரசன் உப்பு வியாபாரி வேஷத்துல உளவு பாக்கப் போறான். ஒத்திகைக்கு முந்தியே, சோறு திங்கும்போது எனக்கும் எந்தம்பிக்கும் மட்டும் சொல்லிச் சிரிச்ச கதை ஐயா அது!”

அது சிரிக்கிற காலமாக இல்லை. மணியாச்சியில் கலெக்டர் சுட்டுக் கொல்லப்பட்டு சில மாதங்களே ஆகியிருந்தன. பாளையங்கோட்டையில் வீடு வீடாகச் சோதனை நடந்துகொண்டிருந்தது.

“புகார் கொடுத்தது யாரு?”

“ஒத்திகையை நேர்ல பாத்ததா ஒருத்தன் வாக்குமூலம் கொடுத்திருக்கானாம். பேரைச் சொல்லமாட்டேங்காக. வாசிச்சு மட்டும் காட்டினாக.” லில்லி கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தாள். “‘உப்பு வியாபாரியாக வந்த ஒற்றன், கிளியின் கழுத்தைத் திருகினேன், தளபதி ஒழிந்தான் என்று கத்தினான். தளபதி என்பது கலெக்டர் துரையைத்தான் குறிக்கும்.’”

இஸ்ரவேலுக்கு உடனே ஒரு பெயர் தோன்றிவிட்டது. டிராயிங் மாஸ்டர் சிவசைலம் ஒத்திகையில் சண்டை போட்டு வெளியேறியது ஊருக்கே தெரியும். இருவரும் அவரைத் தேடிப் போனார்கள்.

“நான் கேட்டது தளபதி வேஷம்,” என்று சிவசைலம் படபடத்தார். “அந்த மனுசன் என்னைத் திரைக்குப் பின்னால உக்காந்து மைனா மாதிரிக் கத்தச் சொன்னாரு! கிளி கெடைக்கலையாம். பள்ளிக்கூடத்துச் சமையக்காரன் வளக்குற மைனாவை ஒத்திகை மொத நாளே கூண்டுல வச்சு, வசனத்துலயும் மைனான்னே மாத்திட்டாரு. அது சொன்ன நேரத்துல கத்தாதுன்னுதான் எனக்கு அந்த வேலை. கோவிச்சுக்கிட்டு வந்தேன். அதுக்காகக் காட்டிக்குடுப்பனா?”

வெளியே வந்ததும் இஸ்ரவேல், “ஆளு சரியில்லை அண்ணாச்சி. கை நடுங்குது பாத்தீயளா?” என்றார்.

“இந்த ஊர்ல இப்ப யாரு கை வே நடுங்கலை?” என்றார் பிள்ளை.

ஞாயிற்றுக்கிழமை மாலை அவர் எல்லோரையும் பள்ளிக்கூட ஹாலுக்கு வரச் சொன்னார். லில்லியோடு அவள் தம்பி அப்பாத்துரையும் வந்திருந்தான். தொலைவில் ராதாபுரத்தில் சர்க்கார் ஆபீஸ் குமாஸ்தா. அக்காவின் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தான்.

“தம்பி ஒத்திகை பாத்திருக்கீரா?” என்று பிள்ளை கேட்டார்.

“இல்லை ஐயா. எனக்கு ஞாயித்துக்கிழமைதான் லீவு. அன்னைக்கு ஒத்திகை கிடையாதே.”

பிள்ளை தலையசைத்தார். “ஒத்திகையில இருந்தது மைனா. பார்த்தவன் யாரா இருந்தாலும் மைனான்னுதான் சொல்லியிருப்பான். புகார் கொடுத்தவன் கிளிங்கான். அப்போ அவன் ஒத்திகையைப் பார்க்கலை. சிவசைலம் பேர்ல குத்தமில்லை.”

“கிளிக்கதைதான் எல்லாருக்கும் தெரியுமே அண்ணாச்சி,” என்றார் இஸ்ரவேல்.

“பழைய கதையில உப்பு வியாபாரி உண்டா வே? அது வாத்தியார் சொந்தமாச் சேர்த்தது. ஒற்றனைத் தெரிஞ்சவன், மைனாவைத் தெரியாதவன். அப்படின்னா ஒத்திகை தொடங்கும் முன்னாலேயே வாத்தியார் வாயால கதை கேட்டவன்.” பிள்ளை குரலை உயர்த்தவில்லை. “அப்படிக் கேட்டது ரெண்டே பேர். அதுல ஒருத்தி எங்கிட்ட உதவி கேட்டு வந்தா.”

லில்லியின் கை தானாக விலகியது. அப்பாத்துரை தரையில் உட்கார்ந்துவிட்டான்.

“மூணு வருசத்துக்கு முந்தி வெள்ளைக்காரனுக்கு எதிரா நடந்த கலகத்துல நானும் கல்லெறிஞ்சேன் அக்கா. ஒரு போலீஸ்காரன் அதை இப்பக் கண்டுபிடிச்சிட்டான். ஒரு பேரைக் குடு, இல்லைன்னா நீ உள்ள போன்னான். யாரைப் பத்தியும் எனக்கு ஒண்ணும் தெரியாது. வாய்க்கு வந்தது அந்தக் கதைதான். அத்தானை எச்சரிச்சு விட்டிருவாகன்னு நெனச்சேன்.”

துள்ளிக்கொண்டிருந்த இஸ்ரவேல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“எம்புருசனைக் காப்பாத்தத்தான் ஐயா உங்ககிட்ட வந்தேன்,” என்றாள் லில்லி. “இவனைப் பிடிச்சுக்குடுக்க வரலை.”

“தெரியும் தாயி. இவன் உண்மையைச் சொன்னா அவரு வருவாரு. சொல்லலைன்னா அவரு அந்தமானுக்குப் போவாரு. நடுவுல ஒரு வழி எனக்குத் தெரியலை.”

லில்லி குனிந்து, சேலைத் தலைப்பால் தம்பியின் முகத்தைத் துடைத்தாள்.

“ஏலே, எந்திரி. பைய வா. மாஜிஸ்திரேட் வீட்டுக்கு நானும் கூட வாரேன்.”

பாக்கியசீலன் அந்த வாரமே வீடு திரும்பினார். பொய் வாக்குமூலத்துக்கும் பழைய கலகத்துக்குமாக அப்பாத்துரைக்குக் கடுங்காவல் கிடைத்தது. மைத்துனனைப் பற்றி வாத்தியார் ஒரு வார்த்தை பேசவில்லை, லில்லியும் கேட்கவில்லை. சிறையில் பார்க்க அனுமதி கிடைத்த முதல் நாள், அவள் கட்டுச்சோற்றோடு புறப்பட்டபோது அவரும் சட்டையை மாட்டிக்கொண்டு கூட நடந்தார். சிறைவாசல் வரை வந்தவர் உள்ளே வரவில்லை. எதிரே வேப்பமரத்தடியில், அவள் திரும்பி வரும்வரை நின்றுகொண்டே இருந்தார்.