கை பட்ட தட்டு

மழை விட்ட மதியம் ஒன்றில், இரண்டு பெரிய பைகளோடு மூக்கி அந்தப் பழைய நூலகத்தின் வாசலில் வந்து இறங்கினாள். நூலகத்தைப் பூட்டிப் பல வருடமாகிவிட்டது. இடிக்கப்போகிறார்களா, அப்படியே விடப்போகிறார்களா என்பது யாருக்கும் தெரியாது. வாசலில் நாற்காலி போட்டு ஒரு காவலாளி மட்டும் உட்கார்ந்திருந்தார்.

மூக்கி என்பது தங்கை வைத்த பட்டப்பெயர். ஊர் அதையே பிடித்துக்கொண்டது. தொழில், வாசனைத் திரவியம் கலப்பது. அடுத்த வீட்டு அடுப்பில் எது தீய்கிறது என்பதை ஜன்னலைத் திறக்காமலே சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவளையே ஒரு வாசனை நாலைந்து மாதமாகத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தது. கம்பெனி முதலாளியம்மா கேட்டது அப்படி. பழைய லைப்ரரி வாசனை வேண்டும், ஆனால் தூசி வாசனை கூடாது. புத்தக அலமாரிக்குப் பின்னால் யாரையோ ரகசியமாகக் கட்டிப்பிடித்த மாதிரி இருக்க வேண்டும், கழுத்தில் தடவினால் லேசாக வெட்கம் வர வேண்டும். மூக்கியும் வெனிலா, தோல், மரம், புகை என்று என்னென்னவோ கலந்து கொண்டுபோனாள். அந்த அம்மா முகர்ந்து பார்த்து ஒன்றைத் தச்சுப்பட்டறை என்றார், இன்னொன்றைச் செருப்புக்கடை என்றார். மூக்கிக்கு ரோஷம் வந்துவிட்டது. வாசனை எங்கே இருக்கிறதோ அங்கேயே போய் எடுத்துவிடுவது என்று கிளம்பிவிட்டாள்.

அதற்கு ஒரு பழைய முறை உண்டு. கண்ணாடித் தட்டில் சுத்தமான கொழுப்பைத் தடவி, அதன்மேல் பூவைப் பரப்பி வைப்பார்கள். பூவின் வாசனையைக் கொழுப்பு குடித்துவிடும். பிறகு கொழுப்பைச் சாராயத்தில் அலசினால் வாசனை மட்டும் தனியே வந்துவிடும். பூவுக்குச் செய்வதை ஓர் அறைக்கே செய்தால் என்ன என்று மூக்கி நினைத்தாள். ஆனால் இந்த வேலைக்கு ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. தட்டு இருக்கும் அறைக்குள் மனித நடமாட்டம் கூடாது. கொழுப்புக்குப் பேதம் தெரியாது, எது பக்கத்தில் இருந்தாலும் குடித்துவிடும். கை பட்ட தட்டு என்றால் யோசிக்காமல் தூக்கிப் போட்டுவிட வேண்டும். தொழிலில் முதல் பாடமே அதுதான்.

ஆகவே காவலாளியிடம் கேட்டாள், உள்ளே யாராவது போவார்களா என்று.

"யாரும் போறதில்லம்மா," என்றார் அவர், பூட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டே. "யாரும் வெளிய வர்றதுமில்ல."

பேச்சுத் துணை இல்லாத மனிதர், ஏதோ வேடிக்கையாகச் சொல்கிறார் என்று மூக்கி சிரித்துவைத்தாள். அவர் சிரிக்கவில்லை. கதவைத் தள்ளித் திறந்துவிட்டு, அவர் வாசற்படியிலேயே நின்றுகொண்டார்.

உள்ளே நீளமான வாசிப்பறை. ஜன்னல் கண்ணாடிகளில் அழுக்கு ஏறி, வெளிச்சம் மஞ்சளாக இறங்கியது. அலமாரிகளில் இன்னும் புத்தகங்கள் இருந்தன. பசை, தோல், ஈரம் ஏறிய காகிதம், இதெல்லாம் மூக்கிக்குத் தெரிந்த வாசனைகள். இவற்றுக்கெல்லாம் கீழே இன்னொன்று மெலிசாக ஓடியது. அது என்னவென்று பிடிபடவில்லை. முழங்கை மடிப்பில் மூக்கை வைத்து மூச்சை இழுத்துக்கொண்டாள். மூக்கு குழம்பினால் சொந்த உடம்பின் வாசனையை முகர்ந்து தெளிய வைப்பது வாசனைக்காரர்களின் வழக்கம். அப்புறமும் பிடிபடவில்லை.

நாற்காலிகள் எல்லாம் மேசைக்கடியில் ஒழுங்காகத் தள்ளப்பட்டிருந்தன. ஜன்னலோரத்தில் ஒன்று மட்டும், யாரோ இப்போதுதான் எழுந்துபோனதுபோல் விலகி நின்றது. மூக்கி அதையும் உள்ளே தள்ளினாள். மேசைதோறும் தட்டுகளை வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

சில வாரம் கழித்து எடுக்கப் போனபோது, அந்த நாற்காலி மறுபடி விலகியிருந்தது.

அதற்கு முன்னால் இருந்த தட்டின் ஓரத்தில், வெண்ணெய் போலிருந்த கொழுப்பில், விரல் நுனிகள் பதிந்திருந்தன. பக்கத்தைப் புரட்டப்போகிறவர்கள் விரல் வைப்பார்களே, சரியாக அந்த மூலையில். காவலாளியைக் கேட்டதற்கு, சாவி தன் இடுப்பை விட்டு இறங்கவே இல்லை என்று அடித்துச் சொன்னார்.

தூக்கிப் போட்டிருக்க வேண்டும். மூக்கிக்கு அது தெரியாமலா? போடுவதற்கு முன்னால் குனிந்து ஒரே ஒரு தடவை முகர்ந்து பார்த்தாள், அங்கேதான் மாட்டிக்கொண்டாள். இத்தனை மாதம் தேடிய வாசனை அந்த ஒரு தட்டில் இருந்தது. காகிதத்துக்கு அடியில் வெதுவெதுப்பான கழுத்து. காதுக்குப் பின்னால் ஒட்டிக் கிடக்கும் முடி. பகலெல்லாம் உடுத்திய துணி. மூக்கிக்கு முகம் சூடேறியது. மற்ற தட்டுகளோடு அதையும் வழித்து ஜாடியில் போட்டுக்கொண்டாள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான், வேறென்ன சொல்வது?

மூக்கிக்குக் குடும்பம் என்றால் தங்கையும், குப்புற விழப் பழகியிருந்த தங்கையின் குழந்தையும்தான். தங்கையின் கணவருக்குக் கப்பலில் வேலை. வந்தால் வந்தார், இல்லையென்றால் மாதக்கணக்கில் கடல்தான். அதனால் அக்காவும் தங்கையும் ஒரே வீட்டில் இருந்தார்கள். புதிதாக எது கலந்தாலும் மூக்கி அதைத் தங்கையின் கழுத்தில்தான் தடவிப் பார்ப்பாள். வெள்ளையடித்துப் பார்க்க நான் என்ன சுவரா என்று தங்கை சலித்துக்கொள்வாள், கழுத்தையும் நீட்டுவாள்.

ஜாடிக் கொழுப்பைச் சாராயத்தில் அலசிச் சீசாவில் பிடித்த அன்றும் நீட்டினாள். முதலில் தூசியும் பசையும் வந்தன. கொஞ்சநேரத்தில் தோலின் சூடு ஏற ஏற, அடியிலிருந்தது மெல்ல மேலே வந்தது. தங்கை கண்ணை மூடிக்கொண்டாள்.

"யாரோ பின்னால வந்து நிக்கிற மாதிரி இருக்குக்கா," என்றாள். "பயமா இல்ல. நல்லாருக்கு."

மூக்கிக்குப் பெருமை தாங்கவில்லை. தன் வாழ்நாளிலேயே சிறந்த வேலை இதுதான் என்று நினைத்தாள்.

அப்போது குழந்தை விழித்தது. தங்கை போய்த் தூக்கி மார்போடு அணைத்தாள். குழந்தை ஒருமுறை மூச்சை இழுத்தது, உடனே முதுகை வளைத்துக்கொண்டு வீறிட்டது. பால் கொடுத்தால் முகத்தைத் திருப்பியது. கொதிக்கும் பாத்திரத்தில் வைத்ததுபோல் தாயின் மடியிலிருந்து திமிறியது. கண் திறந்த நாளிலிருந்து அதற்கு அம்மா என்றால் ஒரு வாசனை. அந்த வாசனையை அழித்துவிட்டு மேலே வேறொன்றைப் பூசிவிட்டோம் என்று மூக்கிக்கு உறைத்தது. சாயங்காலம்வரை குழந்தை ஒரு சொட்டு குடிக்கவில்லை. அழுது அழுது குரல் கம்மிப்போனது. தங்கையும் அழுதாள். குழந்தையை உள்ளறைக் கட்டிலில் கிடத்திவிட்டு, மூக்கி தங்கையைக் குளியலறைக்கு இழுத்துப்போய், சோப்பும் வினிகரும் வெந்நீருமாகத் தேய்த்தாள்.

தேய்த்துக்கொண்டிருக்கும்போது தங்கை ஏதோ முணுமுணுப்பதுபோல் கேட்டது. கதை வாசிக்கும் தோரணையில், நிறுத்தி நிறுத்தி, மெதுவாக.

"என்னடி முணுமுணுக்கிற?"

"நானா? நான் வாயே தெறக்கலையே."

முணுமுணுப்பு நிற்கவில்லை.

அது உள்ளறையிலிருந்து வந்தது.

குழந்தை அழுகையை நிறுத்தியிருந்தது.

மூக்கி சோப்பைப் போட்டுவிட்டு எழுந்தாள். ஈரக் கையோடு ஓடினாள். அவள் வாசலில் கால் வைத்ததும் முணுமுணுப்பு நின்றது. அறையில் யாரும் இல்லை. வாசனை மட்டும் அடர்த்தியாக, கையால் தள்ளலாம்போல் நின்றது. கட்டிலில் குழந்தை கிடந்தது. தலையணை எதுவும் இல்லை, ஆனால் யாரோ முழங்கையில் தாங்கியதுபோல் அதன் தலை மெத்தையிலிருந்து லேசாக உயர்ந்திருந்தது. கண்கள் மேலே எதையோ பார்த்துக்கொண்டிருந்தன. வாய் காற்றில் சப்பிக்கொண்டிருந்தது.

வாரி எடுத்தாள். குழந்தையின் உடம்பு ஒரு பக்கம் மட்டும் கதகதப்பாக இருந்தது.

எடுத்ததும் அது மறுபடி வீறிட்டது.

மறுநாள் காலை ஜாடி, சீசா, தட்டு என்று ஒன்று விடாமல் அள்ளிக்கொண்டு மூக்கி நூலகத்துக்கு ஓடினாள். போன மச்சான் திரும்பி வந்தான் பூ மணத்தோடு என்று ஆரம்பித்த காவலாளி, அவள் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார். அவள் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் இடுப்பிலிருந்த சாவியை உருவினார்.

"லைப்ரரி நடந்த காலத்துல ஒரு அம்மா வருவாங்க," என்றார். "ஜன்னல் பக்கத்துலதான் உக்காருவாங்க. மடியில கொழந்தை இருக்காது. ஆனா இருக்கிற மாதிரியே கைய வளைச்சு வெச்சுக்கிட்டு, மெதுவா கதை வாசிப்பாங்க. பாவம், பறிகொடுத்தவங்கன்னு சொன்னாங்க. சத்தம் போடாதீங்கன்னு சொல்ல யாருக்கும் மனசு வரல."

"அப்புறம் எப்ப வர்றத நிறுத்துனாங்க?"

"தினம் வர்றதப் பாத்திருக்கேன். கடைசியாப் போனத நான் பாக்கலம்மா."

கதவைத் திறந்துவிட்டார். மூக்கி உள்ளே போய், ஜன்னலோர மேசைக்குக் கீழே சீசாவைக் கவிழ்த்தாள், ஜாடியைக் கவிழ்த்தாள். உன்னுடையதை நீயே வைத்துக்கொள் தாயே, எங்கள் குழந்தையை விட்டுவிடு என்று வாய்விட்டுக் கெஞ்சினாள். ஊற்றியது தரையில் ஓடியது, ஆனால் அதிலிருந்து ஒரு வாசனையும் எழவில்லை. அறையிலும் எந்த வாசனையும் இல்லை. வெறும் தூசி. இத்தனை வருட வாசனையும் எங்கே போனது?

"நாற்காலி உள்ள தள்ளியிருக்கே," என்றார் காவலாளி. முதல் தடவையாக அவர் வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்திருந்தார். சுற்றுமுற்றும் பார்த்தார், தைரியமாகவே பார்த்தார். "இப்ப இங்க யாரும் இல்லம்மா."

மூக்கிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அந்தத் தாய் விட்டுப் போய்விட்டாள் என்று எடுத்துக்கொண்டாள்.

வீட்டில் அந்த வாசனை இன்னும் கொஞ்சம் இருந்தது. ஜன்னல்களைத் திறந்து வைத்தார்கள், துணிகளை அலசினார்கள். நாலு நாளில் குறைந்தது, பிறகு அறவே தெரியவில்லை. குழந்தையும் அழுவதை விட்டது. ராத்திரியில்கூட யாரையும் எழுப்புவதில்லை. தங்கையிடம் மட்டும் முன்போல் ஒட்டவில்லை. பால் கொடுத்தால் பேருக்கு இரண்டு வாய் குடித்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். மார் கட்டிக்கொண்டு வலிக்கிறது என்று தங்கை முனகினாள். ஆனால் கன்னம் இரண்டும் உப்பி, தொடையில் மடிப்பு விழுந்து குழந்தை கொழுகொழுவென்று இருந்ததால், மூக்கி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிள்ளை தேறினால் போதாதா? தினமும் உள்ளறையில் நின்று முழங்கையை முகர்ந்து, மூக்கைத் தெளியவைத்து, மறுபடி மூச்சை இழுத்துப் பார்ப்பாள். ஒன்றும் இல்லை. முதலாளியம்மாவிடம் அந்த வாசனை என் கைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டாள்.

நல்ல வெயில் அடித்த ஒரு மதியம், தங்கையின் கணவர் கப்பலிலிருந்து வந்து சேர்ந்தார். அக்காவும் தங்கையும் வாசலுக்கு ஓடினார்கள். வழி தெரிந்ததா, முகவரி யாராவது சொன்னார்களா என்று தங்கை கண்ணில் நீரோடு கிண்டல் செய்தாள். அவர் சிரித்துக்கொண்டே பெட்டியைத் தூக்கி வாசற்படியில் கால் வைத்தார். வைத்த கால் அப்படியே நின்றது.

"பாப்பாகிட்ட யாரு இருக்கா?"

"யாருமில்ல. தூங்குறா. ஏன்?"

"யாரோ பொம்பளை வாசம் வருதே. பழைய புத்தகம் மாதிரி, கழுத்து வேர்வை மாதிரி... வீடு பூரா அடிக்குது. உங்களுக்குத் தெரியல?"

மூக்கி முழங்கையை மூக்கில் வைத்தாள். ஒன்றும் தெரியவில்லை. அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. கூடவே இருக்கிற வாசனை எதுவும் மூக்குக்குத் தெரியாது. பழகிவிட்டால் இல்லாததுபோல் ஆகிவிடும். தொழிலில் இரண்டாவது பாடம் அது. அவள் உடம்பிலேயே அந்த வாசனை ஊறிக்கிடக்கும்போது, முழங்கையை முகர்ந்து என்ன தெளியப்போகிறது?

அவள் தெருவுக்கு ஓடினாள். வெயிலையும் புழுதியையும் வண்டிப்புகையையும் நெஞ்சு நிறைய இழுத்து இழுத்து விட்டாள். பிறகு திரும்பி வந்து படியேறினாள்.

முகத்தில் அறைந்தது வாசனை.

மூவரும் வாசலில்தான் நின்றார்கள். உள்ளறையில் குழந்தை விழித்துக்கொண்டு, ஆளைப் பார்த்த மாதிரி கலகலவென்று சிரித்தது. ஒரு தாள் புரளும் சத்தம் கேட்டது.

தங்கை, "பாப்பா..." என்று கூப்பிட வாயெடுத்தாள்.

"ஷ்ஷ்..." என்றது உள்ளிருந்து, ரொம்ப மெதுவாக.