சவுக்குத் தோப்பருகே நின்ற மோட்டார்

காலை பதினொரு மணிக்கு அந்தக் கறுப்பு மோட்டார் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றது. பின் ஸீட்டில் மார்கரீத் அம்மாள் உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் கணவர் அமலநாதனின் தலை. நல்ல பாம்பு கடித்த காலைத் துண்டால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். டாக்டர் இமையைத் தூக்கிப் பார்த்தார். கையில் எடுத்த விஷமுறிவு ஊசியைத் திரும்பப் பெட்டியிலேயே வைத்தார்.

"அரை மணி முன்னால வந்திருந்தா பிழைச்சிருப்பார்" என்றார்.

மார்கரீத் அம்மாள் அழவில்லை. டிரைவர் சின்னக்கண்ணுவைக் கையால் காட்டினாள்.

"இவன்தான். வேணும்னே வண்டிய நிறுத்திட்டான்."

சாவு விழுந்த வீட்டுக்கு ஒரு குற்றவாளி கிடைத்துவிட்டால் துக்கத்துக்கு ஒரு பிடி கிடைத்தது போல. மத்தியானத்துக்குள் சின்னக்கண்ணு லாக்கப்பில் இருந்தான்.

வழக்கை எழுத வந்தவர் ஏட்டு நிலையிலிருந்த பிரிகாதியே அல்போன்ஸ். புதுச்சேரிப் பிரெஞ்சுப் போலீஸில் கெட்டிக்காரர் என்று பெயர். கோபக்காரர் என்றும் பெயர். ஆனால் கோபத்தைச் சாட்சிகளிடம் காட்டமாட்டார், மேலதிகாரிகளிடம்தான் காட்டுவார். அதனாலேயே இத்தனை வருஷமாகப் பிரிகாதியேவாகவே இருந்தார்.

வழக்கு சின்னக்கண்ணுவின் கழுத்தில் சுருக்காக விழுந்திருந்தது. ஆடி மாதத்திலிருந்து அந்த மோட்டார் அடிக்கடி வழியில் நின்றுபோனது. போன வாரம் அமலநாதன் ஆட்கள் எதிரில் அவனைக் கன்னத்தில் அறைந்திருந்தார். "ஒருநாள் இவருக்கும் தெரியும்" என்று அவன் முணுமுணுத்ததை இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். போலீஸ் தலைவர் கொமிசேர் துரைக்கு அதுவே போதும். நாளைக்கே கோர்ட்டுக்கு அனுப்பு என்று உத்தரவு. கோர்ட்டுக்குப் போனால் அவன் வெளியே வருவது லேசில்லை.

பிற்பகல் இரண்டு மணிக்கு அல்போன்ஸ் லாக்கப் கம்பிக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

"எங்க நின்னுச்சு?"

"ஐயாவப் பாம்பு கடிச்ச காலாப்பட்டுத் தோப்புலேர்ந்து நல்லாத்தாங்க வந்துச்சு. இங்கிலீஷ்காரன் எல்லையில, கோட்டக்குப்பத்துக்கு இன்னும் கொஞ்ச தூரம் இருக்குது, சவுக்குத் தோப்பு. அங்க ரெண்டு தடவ இருமுனாப்ல இருமி நின்னுடுச்சிங்க."

"என்ன பண்ணே?"

"ஹாண்டில் போட்டுச் சுத்துனேன். பிளக்கக் கழட்டித் தொடச்சேன். கார்பரேட்டர் பாத்தேன். ஒண்ணுக்கும் மசியல."

"பெட்ரோல் இருந்துதா?"

சின்னக்கண்ணு தரையைப் பார்த்தான்.

"நேத்து சாயங்காலம் தோப்புலயே ரொப்புனதுங்க."

"இருந்துதான்னு குச்சி விட்டுப் பாத்தியா?"

அவன் தலை இன்னும் தாழ்ந்தது.

"அப்புறம் எப்படிக் கெளம்புச்சு?"

"தானா கெளம்புச்சுங்க. எப்பவுமே அப்படித்தான். அரை மணி கெடந்தா தானா சரியாப் போயிடும்."

"டவுனுக்குள்ள நின்னுருக்கா?"

"ஒரு தடவகூட இல்லீங்க. தூரமாப் போனாத்தான்."

பொய் சொல்கிறவன் இதைவிட நல்ல பொய்யாகச் சொல்வான் என்று அல்போன்ஸுக்குத் தோன்றியது. ஆனால் அந்தப் பெட்ரோல் கேள்விக்கு மட்டும் அவன் ஏன் தலையைக் குனிந்தான்?

மூன்றரை மணிக்கு அவர் மெக்கானிக் ரோஜேயின் பட்டறைக்குப் போனார். மோட்டாரைப் பரிசோதிக்கச் சொல்லிப் போலீஸ் அதை அங்கேதான் விட்டிருந்தது.

"முசியே அல்போன்ஸ், எஞ்சின் தங்கமாட்டம் இருக்கு" என்றார் ரோஜே. "இப்பதான் காலாப்பட்டு வரைக்கும் ஓட்டிட்டுத் திரும்பினேன். ஒரு தும்மல்கூட இல்ல. அந்தப் பய நடிச்சிருக்கான்."

அல்போன்ஸ் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பழைய மாடல். எஞ்சினுக்குப் பின்னால், கண்ணாடிக்கு முன்னால், உயரத்தில் பெட்ரோல் டாங்கி. அதன் வாயில் ஒரு கந்தல் துணி திணித்திருந்தது.

"மூடி எங்க?"

"வரும்போதே இல்ல. எங்கயாவது விழுந்திருக்கும். அதுக்கும் எஞ்சின் நிக்கறதுக்கும் என்ன?"

அல்போன்ஸ் தொப்பியை மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தார். வாசல் காவல்காரனுக்கு நன்றாக நினைவிருந்தது.

"அந்தம்மாதாங்க மூடியத் திருகி எடுத்தாங்க. பொணத்த உள்ள தூக்கினு போற நேரத்துல. முந்தானையில முடிஞ்சிக்கினாங்க. பெட்ரோல் வாடை அடிக்குதேன்னு நான்தான் துணிய அடைச்சேன்."

புருஷன் பிணமாகக் கிடக்கும்போது ஒருத்தி பெட்ரோல் மூடியை ஒளித்து எடுத்துப் போகிறாள் என்றால், எந்தப் போலீஸ்காரனுக்கும் மூக்கு வியர்க்கும். அல்போன்ஸுக்கும் வியர்த்தது.

மறுநாள் காலையில் அடக்கம் முடிந்தது. ஜனங்கள் கலைந்த பிறகு அவர் அந்த வீட்டுக்குப் போனார். மார்கரீத் அம்மாள் எதையும் ஒளிக்கவில்லை. கூடத்தில் அமலநாதனின் படத்துக்கு முன்னால் மெழுகுவத்தி எரிந்தது. அதன் அருகில் பித்தளை மூடி. மூடியின் நடுவில் ஈயத்தால் பற்றவைத்த ஒரு பதக்கம். குழந்தை இயேசுவைத் தோளில் சுமந்து ஆற்றைக் கடக்கும் அர்ச்சியசிஷ்ட கிறிஸ்தோப்பர். பிரயாணம் போகிறவர்களைக் காக்கிற புனிதர்.

"இது எப்ப வச்சது, மதாம்?"

"ஆடி மாசம், இந்த அர்ச்சியசிஷ்டரோட திருநாளுக்குப் பாதர் மோட்டாருங்கள மந்திரிச்சாரு. மத்தவங்க உள்ள ஆணியில மாட்டினாங்க. எனக்கு மனசு கேக்கல. வண்டிக்கு முன்னால, வழிய அவரு பாத்துக்கினே வரணும்னு இதுல பத்தவச்சேன். பெரிய மார்க்கெட் பக்கம் ஈயம் பூசறவன் வச்சுக் குடுத்தான்."

"பெட்ரோல் ஊத்தறப்ப?"

"மூடிய நான்தான் தொறப்பேன். சின்னக்கண்ணு ஊத்துவான்."

அல்போன்ஸ் மூடியைத் திருப்பிப் பார்த்தார். குற்றவாளியைக் கண்டுபிடித்ததும் வருகிற சந்தோஷம் இந்தத் தடவை வரவில்லை.

"மதாம், இத மாட்டி ஒரு தடவ வண்டிய ஓட்டிப் பாக்கணும். நீங்களும் வரணும்."

ரோஜே ஓட்டினார். காலாப்பட்டுத் தோப்பில் டாங்கியை நிரப்பி, மூடியை இறுக்கித் திருகிப் புறப்பட்டார்கள். பின் ஸீட்டில் கறுப்புப் புடவையில் மார்கரீத் அம்மாள். எஞ்சின் சீராக ஓடியது. சவுக்குத் தோப்பு கண்ணுக்குத் தெரிந்தபோது இரண்டு தடவை இருமியது. நின்றுவிட்டது.

ரோஜே ஹாண்டிலைப் போட்டுச் சுற்றினார். பிளக்கைத் துடைத்தார். சட்டையெல்லாம் வியர்வை. எஞ்சின் அசையவில்லை.

"நீங்களும் நடிக்கிறீங்களா முசியே?" என்று கேட்டுவிட்டு அல்போன்ஸ் மூடியைத் திருகினார். டாங்கி உஸ்ஸென்று மூச்சு இழுத்தது. "இப்ப சுத்துங்க."

இரண்டு சுற்றில் எஞ்சின் உயிர் பெற்றது.

ரோஜே மூடியைப் பிடுங்கிப் பார்த்தார். உள்பக்கம் ஒரு சிறு துளை. ஊக்கை விட்டால் மறுபக்கம் வரவில்லை. மேலே ஈயமும் பதக்கமும் அடைத்திருந்தன. அவர் முகம் வெளுத்தது.

"மூடி இல்லாம ஓட்டிப் பாத்துட்டு அவன்மேல பழி போட்டேனே" என்றார்.

"தேங்கால ஒரு கண்ண மட்டும் குத்திக் கவுத்தா தண்ணி தக்கித் தக்கி நின்னு போயிடும்" என்றார் அல்போன்ஸ். "இன்னொரு கண்ணையும் தொறந்து காத்து விட்டாத்தான் எறங்கும். இந்தத் தொளைதான் அந்த ரெண்டாவது கண்ணு. அடைபட்டதால கொஞ்ச தூரம் ஓடினதும் பெட்ரோல் எறங்கல. நின்னு கெடந்தா, மூடி திருகற மறையிடுக்கு வழியா மெல்ல காத்து பூந்து திரும்பக் கெளம்பும். டவுனுக்குள்ள அவ்வளவு தூரம் ஓட்டறதில்ல, அதனால தெரியல. வண்டி நின்னப்ப அதுல இருந்தது, பரிசோதிச்சப்ப இல்லாதது இந்த மூடி ஒண்ணுதான். சின்னக்கண்ணு வண்டிய நிறுத்தல. வண்டிய நிறுத்தினது இது."

அல்போன்ஸ் திரும்பிப் பார்த்தார். பின் ஸீட்டில் மார்கரீத் அம்மாள் அந்த மூடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவன் மூடியத் தொறந்து பாக்கறேன்னு வந்தான்" என்றாள். "மந்திரிச்ச பதக்கம், நீ தொடாதன்னு கையத் தட்டிவிட்டேன். மறுபடியும் வந்தான். மறுபடியும் தட்டிவிட்டேன். ஜெபமாலைய கெட்டியாப் புடிச்சிக்கினு உக்காந்திருந்தேன்."

கொலைகாரர்களோடு பேசிப் பழகியவர் அல்போன்ஸ். இதற்குப் பழக்கமில்லை.

"மடியில கெடந்தவரு கண்ணைத் தொறந்தாரு. அவன் பாக்கட்டும் விடுன்னாரு. நான் விடல." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இத அப்படியே எழுதுங்க. கையெழுத்துப் போடறேன்."

சாயங்காலம் போலீஸ் ஸ்டேஷனில் அவள் கையெழுத்துப் போட்டாள். கொமிசேர் துரை படித்துவிட்டுச் சாவியை எடுத்துக் கொடுத்தார். சின்னக்கண்ணு லாக்கப்பிலிருந்து வெளியே வந்தான். அவள் எழுந்து நின்றாள்.

"பெட்ரோல் பாக்க நான்தான் விடலன்னு ஏன் சின்னக்கண்ணு சொல்லல?"

அவன் துண்டை உதறித் தோளில் போட்டான்.

"ஐயா சொன்னது என் காதுலயும் வுழுந்துதும்மா. அவரு பாக்கச் சொல்லியும் உங்களுக்குப் பயந்து நின்னுட்டேன். அத எந்த வாயால சொல்ல?"

அவன் கும்பிட்டுவிட்டுப் படியிறங்கித் தெருவில் நடந்தான். வாசலில் நின்ற மோட்டாரை அவன் திரும்பிப் பார்க்கவில்லை.