கணக்கில் வராத இரண்டு வருடங்கள்

"ஏய், அது என்னோட பேப்பர்!"

கெலேரா பிடுங்கிய வேகத்தில் மதிப்பெண் தாளின் ஓரம் கிழிந்தது. எதிரே நின்றவன் தொப்பலாக நனைந்திருந்தான். தீவு நாட்டின் தலைநகரான சுவாவில் மூன்று நாளாக விடாத மழை... பல்கலைக்கழகப் பதிவு அலுவலக வாசலில் நிற்கக்கூட இடமில்லை.

"மன்னிச்சுக்கோ. ரெண்டும் ஒரே மாதிரி இருந்துச்சு," என்றான். "நீயும் வேற யூனிவர்சிட்டியில இருந்து மாறி வந்தவளா? பாரு, முதல் ரெண்டு வருஷத்தையும் தொடைச்சு வெச்சுட்டாங்க!"

அவன் சிரித்தான். அவளுக்கு அழுகை முட்டியது.

லௌட்டோகா பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடத்தில் பதினாறு பாடங்கள் படித்தாள். பதினான்கில் 'ஏ' கிரேடு. அம்மாவின் சிறுநீரகச் சிகிச்சைக்காக இங்கே மாறி வந்தபோது, பாடங்களை ஏற்றுக்கொண்டார்கள், கிரேடுகளை ஏற்கவில்லை. புதிய டிரான்ஸ்கிரிப்ட் என்ற மதிப்பெண் பட்டியலில் பதினாறுக்கும் எதிரே 'ஏற்கப்பட்டது' என்ற ஒரே சொல். சராசரி, இங்கே எழுதிய நான்கு பாடங்களுக்கு மட்டும். ஆஸ்பத்திரிப் பெஞ்சில் உட்கார்ந்து படித்தவை... எல்லாம் 'பி'யும் 'சி'யும்.

"இதுல சிரிக்க என்ன இருக்கு?"

"சிலருக்கு இது நல்லதுதானே..." அவன் குரல் இறங்கியது. அந்தக் கண்களில் சிரிப்பே இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தாள்.

பெயர் அபிசாய். ஆக்லாந்தில் இரண்டு வருடம் படித்துவிட்டு மாறி வந்தவன். இங்கே எல்லாப் பாடத்திலும் 'ஏ'. மாலையில் இருவருக்கும் ஒரே பஸ். கண்ணாடிக்குப் பதில் தொங்கும் தார்ப்பாய் ஒழுகும் ஜன்னல் பக்கம் அவனே உட்கார்ந்துகொள்வான்.

"மரவள்ளிக்கிழங்கை இப்படியா முழுங்குவ? சுறா தோத்துடும்," என்பாள்.

"சுறாவை நான் பதிவு ஆபீஸ் வாசல்லயே பார்த்துட்டேன்."

சிரிப்பை அடக்க அவள் மழையைப் பார்ப்பாள்...

கடல் உயிரியல் ஹானர்ஸ் சிறப்புப் படிப்பில் இரண்டே இடங்கள். இருவருமே விண்ணப்பித்தார்கள்.

"என் சராசரிக்கு என் கவரைக்கூடப் பிரிக்க மாட்டாங்க," என்றாள் ஒருநாள்.

அவன் ஜன்னல் தார்ப்பாயை இழுத்துக் கட்டினான். பிறகு மெதுவாக, "பழைய டிரான்ஸ்கிரிப்டையும் பார்க்கச் சொல்லித் துறைத் தலைவருக்கு எழுது. சராசரியில சேராது. ஆனா தேர்வுக் குழு பார்க்கலாம். விதி இருக்கு," என்றான்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"படிச்சிருக்கேன்."

எழுதினாள். ஒரே வாரத்தில் அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டினார்கள். ஒருவருக்குப் பார்த்தால் எல்லோருக்கும் பார்க்க வேண்டுமாம். மாறி வந்த அனைவரும் பழைய டிரான்ஸ்கிரிப்ட் தர வேண்டும்.

மறுநாளிலிருந்து அபிசாய் பஸ்ஸில் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. 'நான் போட்டிக்கு வந்துட்டேன்னு கோபமா? இவ்வளவுதானா நீ?' அவளும் ரோஷத்தோடு கூப்பிடுவதை நிறுத்தினாள்.

கடைசி நாள் தன் தாளைக் கொடுக்கப் போனாள். கவுன்டரில் அவன் நின்றிருந்தான்.

"நாலு ஃபெயில் இருக்கே, தம்பி," என்றாள் அலுவலகப் பெண். "விண்ணப்பத்தை வாபஸ் வாங்கிக்கோயேன். யாருக்கும் தெரியாது."

"பரவால்ல அக்கா. வைங்க."

திரும்பியவன் கெலேராவைப் பார்த்தான். முகம் வெளுத்தது. வராந்தாவுக்கு வந்ததும் அவனே பேசினான்.

"அண்ணன் மீன் பிடிக்கப் போன படகு திரும்பி வரல. அந்த வருஷம் நான் பரீட்சையே எழுதல... யாருக்கும் சொல்லாம மறைச்சிடலாம்னுதான் இங்க வந்தேன்."

"என்னோடதைப் பார்த்தா உன்னோடதையும் கேட்பாங்கன்னு தெரிஞ்சேதான் எனக்கு வழி சொன்னியா?"

"நீ படிச்சு வாங்கினது, கெலேரா. அது கணக்குல வரணும்."

அவள் உள்ளே போய்த் தன் தாளைக் கொடுத்துவிட்டு வந்தாள்.

ஹானர்ஸ் பட்டியல் வந்தது. அவள் பெயர் இருந்தது. அவன் பெயர் இல்லை. ஆனாலும் வாழ்த்துச் சொல்ல வந்தான். வேறொரு தீவிலுள்ள லம்பாசாவில் பள்ளி ஆசிரியர் வேலை, திங்கட்கிழமை கப்பல் என்றான்.

"போ. ஆனா ஒண்ணு கேட்டுட்டுப் போ," என்றாள். "உன் நாலு ஃபெயிலையும் பார்த்துட்டேன். பார்த்த பிறகும்... எனக்கு உன்னைத்தான் பிடிச்சிருக்கு. அம்மாகிட்டயும் சொல்லிட்டேன்."

அவன் நிமிர்ந்தான். கண்கள் தளும்பின.

"அண்ணன் பேரு என்ன?" என்று கேட்டாள்.

அவன் கடல் இருந்த திசையைப் பார்த்தான்...

"வைசாலே," என்றான். படகு போன நாளிலிருந்து அந்தப் பெயரை அவன் வாய்விட்டுச் சொன்னதில்லை. "அவனுக்கு உன்னை ரொம்பப் பிடிச்சிருக்கும், கெலேரா... எனக்குப் பிடிச்ச மாதிரியே."