பனிக்குள் கேட்ட பதில்

வெங்கிடேஷ் ஸ்பீக்கரை நிறுத்திய பிறகும் சிரிப்பான் குருவி பனிக்குள் கூவிக்கொண்டிருந்தது. பதிவில் இருந்த அதே இழுப்பு, நடுவில் அதே சின்ன விக்கல். போன மாதம் பதிவு செய்தபோது மைக்கில் உரசிய காற்றின் இரைச்சலும் அந்தக் கூவலோடு சேர்ந்து வந்தது.

"கேட்டேளா? குருவி காத்துச் சத்தமும் போடறது," என்றாள் ராஜஸ்ரீ.

"உஷ்," என்றான் அவள் கணவன் வெங்கிடேஷ். பக்கத்தில் நின்ற ரெம்யா சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

அந்த அடக்கிய சிரிப்பை நேரில் பார்க்கத்தான் ராஜஸ்ரீ வலியசாலை வீட்டிலிருந்து விடியற்காலையில் கிளம்பி, வித்துரா தாண்டி, அட்டைப்பூச்சி ஏறாமலிருக்கக் காலுறையில் புகையிலைத்தூள் தடவிக்கொண்டு இந்த மலைக்கு வந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் அவன் ரெம்யாவோடு பறவை பார்க்கப் போய்விடுவான். தப்பாக ஒன்றும் இல்லை, அது அவளுக்குத் தெரியும். ஆனால் இருவரும் ஒரு மரத்தடியில் மணிக்கணக்காகப் பேசாமல் நிற்பார்களாம். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. வீட்டிலும் அவன் பேசுவதில்லை. அந்த மௌனத்தில் அவளுக்கு இடம் இருந்ததில்லை.

"குரலைப் போட்டா, தன் இடத்துல இன்னொண்ணு புகுந்துடுத்துன்னு பொறாமைப்பட்டுண்டு வரும்," என்றான் வெங்கிடேஷ். "ஒரு தடவைதான் போடணும். திரும்பத் திரும்பப் போட்டா தவிச்சுப் போயிடும். நீ நடந்தா சருகு சத்தம் போடறது ராஜி. இந்தப் பாறையிலேயே உக்காந்து ஸ்பீக்கரைப் பார்த்துக்கோ."

"சேச்சி தனியா இருப்பீங்கல்லே?" என்றாள் ரெம்யா.

"இருந்து பழக்கந்தான்."

இரண்டு மழைக்கோட்டுகளும் சரிவில் இறங்கிக் கரைந்தன. பாசியிலிருந்து சொட்டும் நீரும், அழுகிய இலையின் புளித்த வாடையும், மரங்களுக்கு நடுவே மூச்சுவிடுவது போல முன்னும் பின்னும் நகரும் பனியும் மட்டும் அவளோடு இருந்தன. ஸ்பீக்கரோடு அவன் விட்டுப்போன ரெக்கார்டரை எடுத்துப் பழைய பதிவு ஒன்றை அழுத்தினாள்.

"சேட்டா, இங்க வாங்க. மெல்ல."

ரெம்யாவின் குரல் ஸ்பீக்கர் வழியே காடெங்கும் போயிற்று. அந்த 'மெல்ல'வில் அப்படி என்ன குழைவு? மறுபடி போட்டாள். மறுபடியும்.

பாறைக்கு மேலே, பின்புறத்திலிருந்து பதில் வந்தது.

"சேட்டா, இங்க வாங்க. மெல்ல."

என்னைக் கேலி பண்ணுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தாள். காது சுட்டது. அப்போது கீழே, வெகு தூரத்தில், ரெம்யா இருமினாள்.

ராஜஸ்ரீ திரும்பிப் பார்க்கவில்லை.

"ஏன்னா," என்றாள். குரல் பிசிறியது.

"ஏன்னா," என்றது மேலே. அதே பிசிறல். சற்று நின்று, "ஏன்னா." இப்போது பிசிறு குறைவு. மறுபடி. இன்னும் மென்மையாக. கல்யாணமான புதிதில் அவளுக்கு இருந்த குரல்.

அது அவளைக் கடந்து கீழே இறங்கியது. சருகு ஒன்றுகூட நொறுங்கவில்லை. ஈர இறகின் வாடை.

"ஏன்னா, இங்க வாங்கோ. மெல்ல."

"இதோ வந்துட்டேன் ராஜி."

எத்தனை வருஷமாயிற்று அவன் இப்படிப் பதில் சொல்லி. பயத்துக்கு முன்னால் அந்த எரிச்சல்தான் அவள் நெஞ்சைக் குத்தியது.

பனி விலகியது. கீழே பாதையில் வெங்கிடேஷ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தான். ரெம்யா அவனுக்கு முன்னால், அவர்கள் வந்த ஜீப்பை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள். அவன் அருகில், ராஜஸ்ரீ போட்டிருந்த அதே பச்சைச் சுடிதாரில், ராஜஸ்ரீயின் பின்னலோடு, ஒருத்தி.

"ஏன்னா, நான் இங்க இருக்கேன். அது நானில்லை."

அவன் நிமிரவில்லை. பக்கத்தில் நின்றவளிடம் சிரித்தான்.

"உன் குரலைப் பதிவு பண்ணிப் போட்டுட்டு, ஸ்பீக்கரை நிறுத்தாமலே வந்துட்டியா? போனாப் போறது, நாளைக்கு வந்து எடுத்துக்கலாம்."

அவள் கத்தினாள். அவன் கேட்டுக்கொண்டேதான் நடந்தான்.

அது அவன் தோளில் சாய்ந்தது. உடம்பு அசையவில்லை. தலை மட்டும் மெல்லத் திரும்பியது. முதுகுப்புறம்வரை. உதடுகள் மூடியே இருந்தன. தொண்டை மட்டும் உப்பி உப்பித் துடித்தது.

வெங்கிடேஷ் அதன் விரல்களைக் கோத்துக்கொண்டான். ராஜஸ்ரீயைப் பார்த்தபடியே, அது அவனோடு முன்னோக்கி நடந்தது.